முப்பத்தோராம் நாளைத் தேடிக் காரைக்காலுக்கு

மே மாதத்தின் கடைசி வாரத்தில் ஓர் அஞ்சலட்டை வந்தது. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. "உங்கள் புத்தகம் முப்பதாம் நாளோடு முடிந்துவிடுகிறது. மே மாதத்துக்கு முப்பத்தொரு நாள். முப்பத்தோராம் நாள் என் வீட்டு முறை. அது எங்கே? ரோஸலின், தருமபுரம், காரைக்கால்." இவ்வளவுதான் எழுதியிருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். அங்கிருந்து வந்த கத்தோலிக்க மாத இதழுக்கும் பாதி ஆசிரியை நான்தான். ஒவ்வொரு ஏப்ரலிலும் 'கோடையில் வாசிக்க' என்று ஒரு பக்கம் எழுதுவேன். எந்த ஞான நூல் வெயிலுக்கு ஆகும், எது ஆகாது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இருந்ததில்லை. கனத்த இறையியலை மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். புனிதர் வரலாறு என்றால் முதல் இருபது பக்கத்துக்குள் அவர் ஒரு தடவையாவது கோபப்பட்டிருக்க வேண்டும் என்பேன். தியான நூலா, வியர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தாலும் விட்ட இடம் தெரிய வேண்டும். வாசகர்களும் என்னை நம்பி வாங்கினார்கள்.

அந்த வருடப் பட்டியலில் முதலிடம் 'தாயோடு ஒரு கோடை' என்ற நூலுக்கு. மே, மாதா வணக்க மாதம். நாளுக்கு ஒரு தியானம், மாதா செய்த அற்புதத்தைச் சொல்லும் ஒரு 'புதுமை', ஒரு செபம் என்று அமைந்த புத்தகம். எங்கள் அச்சகத்தில்தான் அச்சானது. எழுதிய சாமியார் முப்பத்தொரு நாளும் எழுதியிருந்தார். ஆனால் பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று ஓட்டும்போது கடைசி நாளின் நான்கு பக்கம் மட்டும் அடுத்த பாரத்தில் போய் விழுந்தது. நான்கு பக்கத்துக்காக இன்னொரு பாரமா? கடைசிவரை யார் படிக்கப் போகிறார்கள் என்று நானே அதைத் தூக்கிவிட்டேன். சாமியார் அதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய கையெழுத்துப் படியும் குப்பைக்குப் போய்விட்டது.

அட்டையைப் படித்ததும் வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் 'என் வீட்டு முறை' என்பது மனதை விட்டுப் போகவில்லை. நான்கு பக்கம்தானே, நேரில் போய் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று ரோஸலினுக்கு ஒரு தந்தி கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். கடைசி நாள் எதைப் பற்றியது என்பது நினைவிருந்தது. மாதா தன் உறவுக்காரியைப் பார்க்க மலைநாட்டுக்கு நடந்து போன கதை அது.

அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. காரைக்கால் வேறு ஆட்சிப் பகுதி, அங்கே தடை கிடையாது. ஆகவே பேருந்தில் பாதிப் பேருக்கு ஒரே நோக்கம். மீதிப் பாதி திருநள்ளாற்றுக்குச் சனி பகவானைப் பார்க்கப் போகிறவர்கள். இரண்டிலும் சேராதவள் நான் ஒருத்திதான். பக்கத்தில் இருந்த அம்மாள் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போறப்பவே கனக்குதே, திரும்பி வரப்ப எப்படித் தூக்குவீங்க?" என்றார். உள்ளே இருப்பது ஞானப் புத்தகங்கள் என்றேன். அவர் முன்னால் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

சுரக்குடி பக்கத்தில் பேருந்து புகை விட்டுக்கொண்டு நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. டெல்டா என்றால் எந்நாளும் பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மே மாதத்தில் வாய்க்கால் எங்கள் ஊர்ச் செம்மண் ஓடையைவிடக் காய்ந்து கிடந்தது. வயலோரத்து வீட்டிலிருந்து ஒரு பெண் இரண்டு குடம் கொண்டுவந்தார். நாங்கள் கையை நீட்டியதும் தடுத்தார். "வண்டிக்கு முதல்ல. வண்டி போனாத்தான் நீங்க போவீங்க. உங்களுக்கு மோரு வருது, இருங்க." மோர் வந்தது. அப்படி ஒரு மோரை நான் திண்டுக்கல்லில் குடித்ததில்லை.

காரைக்காலில் என்னை அழைத்துப் போக வந்தவர் ரோஸலினின் கணவர் கலியமூர்த்தி. மின்சாரத் துறையில் எழுத்தர். பையைச் சைக்கிள் கேரியரில் கட்டி உருட்டிக்கொண்டே நடந்தார். கடைத்தெருவைத் தாண்டினோம். பிறகு, "நான் இந்துங்க. வீட்டுக்கு மாதா வர்றப்ப நான் உள்ள இருக்கலாமா, கூடாதா? உங்க புத்தகத்துல ஏதாச்சும் போட்டிருக்கா?" என்று கேட்டார். தாராளமாக இருக்கலாம் என்று அடித்துச் சொன்னேன். புத்தகத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது.

அந்தத் தெருவின் ஏற்பாட்டை ரோஸலின்தான் விளக்கினாள். தெருவில் கத்தோலிக்க வீடுகள் முப்பத்தொன்று. மே முதல் தேதி முதல் வீட்டில் வாசிப்பு. கண்ணாடி போட்ட மரக்கூண்டில் மாதா சுரூபம் அந்த வீட்டில் ஓர் இரவு தங்கும். மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரர்களே அதை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். எங்கள் ஊரில் அவரவர் வீட்டில் அவரவர் புத்தகத்தைப் பகல் தூக்கத்துக்கு முன்னால் நான்கு பக்கம் புரட்டுவதோடு சரி. இங்கே ஒரே பிரதி, ஒரே குரல், தெரு முழுக்கக் காது. நான் சிபாரிசு செய்த நூல் இப்படியும் வாசிக்கப்படும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"படிக்கிறது யார்?" என்றேன்.

"எங்க அண்ணன்தான். முதல் வீடு அவங்களோடது. தெருவுக்கு அவங்கதான் பெரிய மனுஷன்" என்றாள் ரோஸலின். "எங்க கல்யாணம் மேரியில நடந்துச்சு. இவங்க மதம் மாறல, நானும் மாறல. பதினோரு வருஷமா அண்ணன் இந்த வாசப்படி மிதிக்கல, என்னையும் அங்க கூப்பிடல. எங்க வீட்டை விட்டுட்டு முப்பது வீட்டோட நிறுத்திக்கிட்டு, கடைசி நாளைக் கோயில்ல வெச்சுக்குவாங்க. இந்த வருஷம் புதுச் சாமியார் வந்து, அந்த வீட்டையும் சேருங்கன்னு சொல்லிட்டாங்க. எங்க வீட்ல வாசிப்புன்னா அண்ணன் வந்துதான் படிக்கணும். வேற வழியில்ல. அதுக்குள்ள உங்க புத்தகம் முடிஞ்சுபோச்சு."

நகராட்சி அலுவலகத்தைப் பிரெஞ்சுக் காலத்துப் பழக்கத்தில் அங்கே இன்னும் 'மேரி' என்கிறார்கள். நான் மிச்சம் பிடித்தது ஒரு பாரம், இவள் இழக்க இருந்தது ஓர் அண்ணன். நாளைக் காலையிலேயே எழுதிவிடுகிறேன், கவலையை விடு என்றேன். என் குரலில் இருந்த தைரியம் எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் முப்பதாம் தேதி. காலையில் ரோஸலின் என்னைக் கருக்களாச்சேரிக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். கோலா மீன் வரும் பருவம். படகிலிருந்து கூடை கூடையாக இறங்கிய மீனுக்குச் சிறகு இருந்தது. பறக்கிற மீனை நான் அதுவரை புதுமைக் கதைகளில்கூடப் படித்ததில்லை. மீன் விற்ற பெண் நான் வெளியூர் என்று கண்டுகொண்டு, எதற்கு வந்தேன் என்று விசாரித்தார். புத்தகத்தில் ஒரு நாள் விட்டுப்போய்விட்டது, எழுதிச் சேர்க்க வந்தேன் என்றேன். "விட்டது ஆரு?" என்றார். நான் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோலாக் குழம்பு சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் எழுதி முடித்தேன். கடற்காற்று மூன்று மணிவரை வரவில்லை, தாள் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எழுதியது நன்றாகவே வந்திருந்தது. உறவுக்காரியைப் பார்க்கக் கால் நோக நடந்த ஒரு பெண்ணைப் பற்றி, பக்கத்துத் தெருவில் இருக்கும் உறவைக்கூடப் பார்க்கப் போகாத நாம் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் வைத்தேன். அந்த வாக்கியத்தை மூன்று தடவை படித்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

அன்று மாலை முப்பதாம் வீட்டில் வாசிப்பு. செலின் டீச்சர் வீடு. அங்கேதான் ரோஸலினின் அண்ணன் ஞானாதிக்கத்தைப் பார்த்தேன். சலவைச் சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. நொத்தேர் அலுவலகத்தில், அதாவது பத்திரம் எழுதிச் சாட்சி முத்திரை வைக்கும் இடத்தில், தலை நரைக்கும்வரை குமாஸ்தா வேலை பார்த்தவர். ஒன்று சொல்ல வேண்டும். அவர் படித்தால் கேட்கலாம். நான் அவசரமாகத் திருத்திய வாக்கியங்களுக்கெல்லாம் அவர் மூச்சு விடும் இடத்தில் அர்த்தம் பிறந்தது. ரோஸலின் கதவோரம் அமர்ந்து கேட்டாள். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

முடிந்ததும் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு நான்கு தாளையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கையால எழுதினதை வாசிப்புல படிக்கிற வழக்கம் இல்லைங்க. அச்சுல இருக்கணும், ஆயர் அனுமதி இருக்கணும்."

"கோயிலில் பழைய புத்தகம் இருக்குமே, அதிலிருந்து கடைசி நாளைப் படிக்கலாமே" என்றேன்.

"ஒரு மாசத்துக்கு ஒரு புத்தகம். நடுவுல மாத்தக் கூடாது. இன்னையோட முடிஞ்சதுன்னு வெச்சுக்க வேண்டியதுதான்."

ரோஸலின் அதைக் கேட்டுக்கொண்டே எழுந்து போனாள். வீட்டில் அவள் வெள்ளையடித்து வைத்திருந்த சுவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கலியமூர்த்தி மாதாவுக்கென்று புதிதாக ஒரு மேசை செய்யச் சொல்லி வாங்கி வைத்திருந்தார். அதன் வார்னிஷ் இன்னும் காயவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி காலை, விடுவதாக இல்லை என்று ஞானாதிக்கத்தின் வீட்டுக்கே போனேன். ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி எனக்கும் அப்படியே கொண்டுவந்து வைத்தார். மேல்பகுதி மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக இருந்த நீளமான ரொட்டி. எங்கள் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சலுக்குக் கொடுப்பது. இங்கே அது காலைச் சாப்பாடு.

"கடைசி நாளுக்கும் அனுமதி உண்டு" என்று ஆரம்பித்தேன். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி வைத்தேன். கையெழுத்துப் படியைப் பார்வையிட்டு அச்சிட அனுமதிக்கிறோம் என்று ஆயர் பெயரில் அதில் இருந்தது.

அவர் ரொட்டியை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டார். "படியில எத்தனை நாளுங்க?"

"முப்பத்தொன்று."

"அச்சுல?"

"முப்பது."

"அந்த ஒரு நாளை எடுத்தது யாரு?"

கடற்கரையில் மீனைப் பார்த்துக்கொண்டு தப்பித்த கேள்வி. இங்கே பார்ப்பதற்கு ரொட்டிதான் இருந்தது. "நான்தான்" என்றேன்.

அவர் விரலில் ஒட்டிய ரொட்டித் துகளைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாவகாசமாகச் சொன்னார். "பத்திரத்துல ஒரு வரியை எடுத்துட்டா அந்த வரி மட்டும் செல்லாமப் போறதில்லைங்க. பத்திரமே செல்லாது. எடுத்தவங்க திரும்ப எழுதி ஒட்டி, ஓரத்துல கையெழுத்துப் போட்டா அன்னையிலேர்ந்து செல்லும். அதுக்கு முன்னால நடந்தது நடந்ததாக் கணக்கில்ல."

பசை கேட்டேன். கொடுத்தார். நான்கு தாளையும் கடைசிப் பக்கத்தோடு சேர்த்து ஒட்டி, நினைவிலிருந்து எழுதியது என்று குறித்து, ஓரத்தில் கையெழுத்திட்டேன். அவர் சரிபார்த்துத் தலையாட்டினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்ப இன்னைக்கு சாயங்காலம் உங்க தங்கச்சி வீட்டில படிக்கலாம்தானே?"

"எப்படிப் படிக்கிறது? கடைசி நாள்னு ஒண்ணு படிக்கணும்னா அதுக்கு முன்னால முப்பது நாள் இருக்கணும்ல. அது செல்லாதுன்னு இப்பத்தானே ஆச்சு. அடுத்த வருஷம் பார்ப்போம். ஆறு மணிக்கு அங்க கூடுவாங்க, நானே வந்து தெருக்காரங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிடறேன்."

தெருவில் திரும்பி நடக்கும்போது எனக்கு அழுகை வந்தது. ஒரு நாளைச் சேர்க்க வந்தவள், முப்பது நாளையும் அழித்துவிட்டுப் போகிறேன். தாளுக்கு இவ்வளவு மரியாதை தரும் மனிதர் மேரியில் பதிவான தங்கையின் கல்யாணத் தாளை மட்டும் ஏன் மதிக்கவில்லை என்று கோபமும் வந்தது. நடந்ததை ரோஸலினிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முறத்தில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆறு மணிக்கு வர்றேன்னு அவங்க வாயால சொன்னாங்களா?" என்றாள்.

"சொன்னார்."

"முப்பது நாளும் நடக்கலைன்னாங்களா?"

"ஆமாம்."

அவள் கடலையை ஊறப்போட எழுந்தாள்.

மாலை ஐந்தரைக்கே தெரு வந்துவிட்டது. செலின் டீச்சரும் அவர் மகளும் சுரூபக் கூண்டைத் தூக்கிவந்து புது மேசையில் வைத்தார்கள். கூடம் போதாமல் பெண்கள் சமையலறைவரை உட்கார்ந்தார்கள். கலியமூர்த்தி உள்ளே இருப்பதா வெளியே போவதா என்று கதவுக்குப் பக்கத்தில் நின்றார். ஆறு அடிக்கும்போது ஞானாதிக்கம் வந்தார். வாசப்படிக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டார். புத்தகம் கையில் இருந்தது.

"இங்கேர்ந்தே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தார். பாரம், அனுமதி, பசை, ஓரக் கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னார். என் பெயரைச் சொல்லும்போது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒளியவில்லை. ஆமாம், தவறு என்னுடையதுதான் என்று எழுந்து நின்று சொன்னேன். யாரும் திட்டவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.

ரோஸலின் வாசல் பக்கம் வந்தாள். "அண்ணே, முதல் நாள் உங்க வீட்ல படிச்சதும் செல்லாதுதானே?"

பதினோரு வருடத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் முறை என்று செலின் டீச்சர் பிறகு சொன்னார். அவர் அவளைப் பார்க்காமல், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "முறைப்படி பாத்தா, செல்லாது."

"அப்ப இந்த வருஷம் நம்ம தெருவுல இன்னும் யார் வீட்லயும் ஆரம்பிக்கவே இல்ல. புத்தகம் இன்னையிலேர்ந்து செல்லும்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. மாதா இப்ப எங்க வீட்ல இருக்காங்க. முதல் நாளை இங்க படிங்க. நான் அதைக் கேட்டதில்ல. அன்னைக்கு என்னைக் கூப்பிடல."

கூடத்தில் விசிறிகள் நின்றுவிட்டன. ஒருவர் மட்டும், "நாளைக்கு ஜூன் பொறக்குதே, அது இருதய ஆண்டவர் மாசமாச்சே" என்று இழுத்தார்.

"மாதாவோட மகன்தானே அவரு" என்றார் செலின் டீச்சர். "அம்மாவுக்காகக் கொஞ்சம் பொறுத்துப்பாரு."

ஞானாதிக்கம் முதல் பக்கத்தைத் திருப்பினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தார். அதில் எங்காவது ஓட்டை கிடைக்குமா என்று தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். கிடைக்கவில்லை போலிருக்கிறது, அல்லது கிடைத்தும் விட்டுவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கலியமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதல் நாளின் தியானத்தைப் படித்தார். புரூஃபில் நான் நான்கு தடவை பார்த்த பக்கங்கள்தான். தொடக்க நாள் என்பதால் அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது, எல்லாரும் வாருங்கள், தாயின் பக்கத்தில் உட்காருங்கள் என்று அழைப்பதோடு சரி. அந்த இடத்தில் அவர் குரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதே வரியை மறுபடி படித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோடைக்கு எந்த நூல் ஆகும் என்று அத்தனை வருடம் ஊருக்குச் சொன்னவள், வாசிப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

செபம் முடிந்து சுண்டலும் பானகமும் வந்தன. அவர் எழுந்து, வழக்கமாக அறிவிக்கும் குரலில் அறிவித்தார். "நாளைக்கு ரெண்டாம் நாள். கடைசி வீட்டுக்கு அடுத்தது முதல் வீடு, எங்க வீடு. சுரூபத்தை இந்த வீட்டுக்காரங்கதான் தூக்கிட்டு வரணும்."

ரோஸலின் தலையாட்டினாள்.

"கூண்டு கனம். ஒருத்தியாத் தூக்க முடியாது" என்று கதவோரம் பார்த்தார். "கலியமூர்த்தி ஒரு பக்கம் பிடிக்கட்டும்."

"ஆறு மணிக்கு வந்துடறோம் அண்ணே" என்றாள் அவள்.

அவர் வாசலில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டே சொன்னார். "அஞ்சுக்கே வந்துடுங்க. உங்க அண்ணி காப்பி போடுவா."